மாநிலக் கொள்கை மாநாட்டுக்கு மாணவர் குழுவைத் தயார்செய்வது: முழுமையான வழிகாட்டி

மாநில அரசின் கொள்கைகளைப் பற்றித் தீர்மானங்களை விவாதித்து வாக்கெடுக்கும் மாநாட்டுக்கு மாணவர்களை அனுப்பலாம் என்று முடிவானதும், பெரும்பாலான இடங்களில் முதலில் ஆள் தேர்வு நடக்கும், அடுத்துப் பயணச்சீட்டு எடுப்பார்கள். அங்கே போய் என்ன கேட்கப்போகிறோம் என்ற பேச்சு கடைசி வாரத்தில்தான் எழும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதித் தவறுகள் நிற்கும். முதலில் விதி, பிறகு கோரிக்கை, அதன் பிறகே ஆள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

தயாரிப்புக்கு எட்டு வாரம் வேண்டும். அந்த எட்டு வாரத்தை மாநாட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணாதீர்கள். தீர்மானங்களை அனுப்பக் கடைசி நாள் எதுவோ, அதற்கு முன் ஐந்து வாரம், பின் மூன்று வாரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பல மாநாடுகளில் அந்தக் கெடு மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பே முடிந்துவிடும்.

1. மாநாட்டு விதிகளை எழுத்தில் வாங்குங்கள்

அழைப்பிதழில் இடமும் தேதியும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது விதித்தொகுப்பும் நிகழ்ச்சி நிரலும். அமைப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். தொலைபேசியில் சொன்ன பதிலை, பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கும் வேறொருவர் ஏற்கமாட்டார்.

பார்க்க வேண்டியவை இவை: எத்தனை பேர் வரலாம், அவர்களில் எத்தனை பேருக்கு வாக்கு உண்டு, பார்வையாளராக வருபவர் பேசலாமா, தீர்மானத்துக்கும் பேச்சுக்கும் உள்ள அளவு, எந்த மொழிகளில் பேசலாம், ஒருவர் வர முடியாமல் போனால் எந்த நாள்வரை பெயரை மாற்றலாம். இவற்றோடு பெயர்ப் பதிவு, தீர்மானம், திருத்தம் ஆகிய மூன்றின் கெடுவையும் ஒரே தாளில் எழுதி, குழுவில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

தீர்மானக் கெடு ஏற்கெனவே முடிந்திருந்தால் சோர்ந்துபோக வேண்டாம். வேலை மாறுகிறது, அவ்வளவுதான். மற்றவர்கள் அனுப்பிய தீர்மானங்களை வாங்கிப் படித்து, உங்கள் கோரிக்கைக்கு நெருக்கமான ஒன்றுக்குத் திருத்தம் எழுதுங்கள். புதிய தீர்மானத்தைவிட நல்ல திருத்தம் எளிதாக நிறைவேறும். அதற்கு ஆதரவு திரட்டும் வேலையில் பாதியை முன்மொழிந்தவரே செய்துவிடுவார்.

2. யார் சார்பில் போகிறோம் என்பதை முடிவுசெய்யுங்கள்

குழு தன் சொந்தக் கருத்தைச் சொல்லப் போகவில்லை. அதை அனுப்பும் மாணவர் பேரவையோ மன்றமோ ஒரு கூட்டம் போட்டு, ஆணையை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் போதும். அதில் முதன்மைக் கோரிக்கை ஒன்று, அடுத்த நிலைக் கோரிக்கைகள் அதிகம் போனால் இரண்டு. பத்துக் கோரிக்கைகளோடு போகும் குழுவிடம் ‘எது முக்கியம்?’ என்று கேட்டால், ஆளுக்கொரு பதில் வரும்.

நிகழ்ச்சி நிரலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஆதரவு, எதிர்ப்பு, குழுவின் முடிவுக்கு என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். மூன்றாவது வகைக்கு ஒரு விதி வேண்டும்: குழுவில் பெரும்பான்மை எதுவோ அதுவே எல்லோருடைய வாக்கு, சமமாகப் பிரிந்தால் வாக்களிப்பதில்லை. இதை முன்கூட்டியே எழுதி வைக்காத குழு, அவையிலேயே முணுமுணுத்துச் சண்டை போடும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஆணையை இறுக்கமாக எழுதிவிட்டால், அங்கே ஒரு சொல்லை மாற்ற ஒப்புக்கொள்ளவும் குழுவால் முடியாது. ஆகவே முதன்மைக் கோரிக்கைக்கு இரண்டு வரி எழுதுங்கள்: நாம் கேட்பது எது, எதற்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் குழுவின் பொறுப்பு.

3. கோரிக்கை யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள். மேடையில் உணர்ச்சியோடு பேசி, கைதட்டு வாங்கி, கடைசியில் ‘இது எங்கள் துறையில் இல்லை’ என்ற ஒற்றை வரிப் பதிலோடு திரும்புவதும் இதனால்தான்.

முதல் கேள்வி: இது மாநிலத்தின் அதிகாரத்தில் வருகிறதா? கூட்டாட்சி நாடுகளில் இது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதனால் ஒன்றியமும் மாநிலமும் இதில் சட்டம் இயற்றலாம். அமெரிக்காவின் கூட்டாட்சி அரசியல் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. பள்ளிகளை நடத்தும் அதிகாரம் பெரும்பாலும் மாநிலங்களிடம் இருக்கிறது. உங்கள் கோரிக்கை எந்தப் பக்கம் விழுகிறது என்பதைச் சட்டத்தைப் பார்த்தே உறுதிசெய்யுங்கள்.

இரண்டாவது கேள்வி: எதை மாற்றினால் இது நடக்கும்? சட்டம் என்றால் சட்டமன்றம் திருத்த வேண்டும். சட்டத்தின் கீழ் வகுத்த விதி என்றால் துறையே அறிவிக்கை வெளியிட்டு மாற்றலாம். அரசாணை என்றால் இன்னும் எளிது. சுற்றறிக்கை போதும் என்றால் ஒரு அதிகாரியின் கையெழுத்தோடு வேலை முடியும். சுற்றறிக்கையால் தீரும் ஒன்றுக்குப் புதிய சட்டம் கேட்டால், ஆண்டுக்கணக்கில் காத்திருப்பீர்கள்.

ஒரு எடுத்துக்காட்டைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். கல்வி உதவித்தொகை தாமதமாக வருகிறது என்பது கோரிக்கை. ‘அரசு தாமதப்படுத்துகிறது’ என்று சொல்வதற்கு முன், பணம் வரும் பாதையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்: மாணவர் விண்ணப்பித்த நாள், கல்வி நிறுவனம் சரிபார்த்து அனுப்பிய நாள், துறை ஒப்புதல் தந்த நாள், நிதி விடுவித்த நாள், வங்கிக் கணக்கில் ஏறிய நாள். நாற்பது மாணவர்களிடம் இந்த ஐந்து தேதிகளையும் கேட்டு அட்டவணை போட்டால், தேக்கம் எங்கே என்று தெரிந்துவிடும். கல்வி நிறுவனத்தின் மேசையிலேயே கோப்பு கிடக்கிறது என்றால், மாநில மாநாட்டுக்கே போக வேண்டியதில்லை. நிர்வாக அலுவலகத்துக்குப் போனால் போதும். வங்கிக் கட்டத்தில் நிற்கிறது என்றால், விண்ணப்பத்தில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாவது, காலம். பணம் தேவைப்படும் கோரிக்கை என்றால், அடுத்த நிதிநிலை அறிக்கைக்குத் துறைகள் எப்போது மதிப்பீடு அனுப்புகின்றன என்று விசாரியுங்கள். அந்த நாள் கடந்துவிட்டால், செலவில்லாத பகுதியை முன்னே வைத்து, செலவுள்ளதை அடுத்த ஆண்டுக்கு என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

4. இப்போது ஆள் தேர்வு

ஆறிலிருந்து எட்டுப் பேர் நல்ல அளவு. நான்கு பேருக்குக் கீழே போனால் ஒரே நேரத்தில் நடக்கும் அமர்வுகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. பத்துக்கு மேல் போனால் சிலருக்கு வேலையே இருக்காது, வேலை இல்லாதவர்கள் கூடத்துக்கு வெளியே நிற்பார்கள்.

நன்றாகப் பேசுபவர்களை மட்டும் பொறுக்குவது வழக்கமான பிழை. பேச்சாளர் இருவர் போதும். குறிப்பெடுப்பவர் ஒருவர், தீர்மானத்தின் சொற்களைக் கவனிப்பவர் ஒருவர், பயணமும் கணக்கும் பார்ப்பவர் ஒருவர், எல்லோரையும் ஒருங்கிணைக்கும் தலைவர் ஒருவர். தலைவரே முதன்மைப் பேச்சாளராக இருக்க வேண்டாம். பேச வேண்டியவரின் கவனம் பேச்சில் இருக்கும். யார் பேருந்தைத் தவறவிட்டார் என்பதை வேறொருவர்தான் பார்க்க முடியும்.

தேர்வுக்கு இரண்டு பயிற்சி வையுங்கள். ஐந்து பக்க அரசு ஆவணம் ஒன்றைக் கொடுத்து, ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதச் சொல்லுங்கள். பிறகு அதிலிருந்து எதிர்பாராத ஒரு கேள்வி கேளுங்கள். ‘தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லத் தெரிந்தவரை விட்டுவிடாதீர்கள். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லும் ஒருவர் போதும், குழுவின் மற்ற எண்களையும் சந்தேகத்துக்கு உள்ளாக்க.

மூன்றில் ஒரு பங்கு இளைய ஆண்டு மாணவர்களாக இருக்கட்டும், இல்லையென்றால் அடுத்த ஆண்டு எல்லாம் முதலிலிருந்து. மாற்று உறுப்பினர் ஒருவரையோ இருவரையோ சேர்த்து, அவர்களுக்கும் முழுப் பயிற்சி கொடுங்கள்.

5. அனுமதி, பணம், பயணம்

18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் கையெழுத்திட்ட ஒப்புதல், உடன் வரும் பொறுப்பான பெரியவர், மருந்து மற்றும் ஒவ்வாமை விவரம், அவசரத் தொடர்பு எண் ஆகியவை வேண்டும். இவற்றின் அச்சுப்படி உடன் செல்பவரிடம் ஒன்று, நிறுவனத்தில் ஒன்று. கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் மின்னூட்டம் தீரும் நேரத்தில்தான் தேவைப்படும்.

வகுப்பு, தேர்வு நாட்களைப் பார்த்து விடுப்புக் கடிதத்தை நான்கு வாரம் முன்பே கொடுங்கள். செலவுக்கு முன்பணம் வாங்கினால் ஒருவரே கையாளட்டும். ரசீது இல்லாத செலவுக்கு அன்றைக்கே தாளில் எழுதி இருவர் கையெழுத்துப் போடட்டும். ‘நீ போட்டுக்கொள், பிறகு தருகிறோம்’ என்று மாணவரின் பையிலிருந்து செலவு செய்ய வைக்காதீர்கள். பணம் இல்லாத மாணவர் காரணம் சொல்லாமலே விலகிவிடுவார்.

6. விவரக் குறிப்பு எழுதுங்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். அவையில் பக்கம் புரட்ட நேரம் இருக்காது. அதில் இருக்க வேண்டியவை: இப்போதைய விதி என்ன சொல்கிறது, முடிவெடுப்பவர் யார், செலவு எவ்வளவு, நம் கோரிக்கை, எதிர்ப்பவர்களின் வலுவான வாதம், அதற்கு நம் பதில்.

எதிர்வாதத்தைச் சிறுமைப்படுத்தி எழுதுவது நம்மை நாமே ஏமாற்றுவது. உதவித்தொகையை விரைவாகக் கொடுத்தால் சரிபார்ப்பு தளர்ந்து தகுதியற்றவர்களுக்கும் போய்விடும் என்பது நியாயமான அச்சம். அதற்குப் பதில் தயாராக இல்லாமல் மேடை ஏறக் கூடாது.

எண்களில் மூன்று கவனம். முதலாவது, ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த ஆண்டு, எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்பதை ஓரத்தில் குறியுங்கள். இரண்டாவது, 40 சதவீதம் 50 ஆனால் அது 10 சதவீதப் புள்ளி உயர்வு. 10 சதவீத உயர்வு அல்ல, கணக்குப்படி 25 சதவீத உயர்வு. இந்த ஒரு குழப்பத்தைப் பிடித்தே எதிர்த்தரப்பு உங்கள் பேச்சைச் சாய்த்துவிடும். மூன்றாவது, நீங்களே திரட்டிய சிறிய தகவலைச் சிறியது என்றே சொல்லுங்கள். ‘நாங்கள் கேட்ட 40 பேரில் 26 பேருக்குப் பருவத் தேர்வு முடிந்த பிறகே தொகை வந்தது’ என்றால் யாரும் மறுக்க முடியாது. அதையே ‘மாநிலத்தில் 65 சதவீத மாணவர்கள்’ என்றால் முதல் கேள்வியிலேயே அது உடையும்.

மாணவர் ஒருவரின் அனுபவத்தைச் சொல்வதானால் அவரிடம் அனுமதி வாங்குங்கள். பெயரை நீக்கினால் போதாது. ஊர், பாடப்பிரிவு, ஆண்டு மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

7. தீர்மானம் எழுதுங்கள்

தீர்மானத்துக்கு இரண்டு பகுதி: ஏன் என்று சொல்லும் முகப்பு, என்ன வேண்டும் என்று சொல்லும் செயற்பகுதி. புதியவர்கள் முகப்பில் ஒரு பக்கம் எழுதிவிட்டு, செயற்பகுதியை ஒரு வரியில் முடிப்பார்கள். நடைமுறைக்கு வருவது செயற்பகுதி மட்டுமே. முகப்புக்கு மூன்று வரி போதும்.

இப்படி எழுதினால் ஒன்றும் நடக்காது: ‘மாணவர் நலன் கருதி உதவித்தொகையை விரைந்து வழங்க அரசு தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்.’ விரைந்து என்றால் எத்தனை நாள்? தக்க நடவடிக்கை எது? இதை எல்லோரும் கையை உயர்த்தி நிறைவேற்றுவார்கள். நிறைவேற்றிய பிறகு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் அந்த ஒற்றுமைக்குக் காரணம்.

இப்படி மாற்றுங்கள்:

(அ) கல்வி நிறுவனம் விண்ணப்பத்தைச் சரிபார்த்து அனுப்பிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொகையை மாணவரின் கணக்கில் செலுத்தும்படி துறை விதி வகுக்க வேண்டும்.

(ஆ) அந்தக் கெடு தவறினால், காரணத்தை விண்ணப்பித்தவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

யார், என்ன, எப்போதைக்குள் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. ஒரு பிரிவில் ஒரு கோரிக்கை மட்டும் இருப்பதற்கும் காரணம் உண்டு. பிரிவு பிரிவாக வாக்கெடுப்பு நடந்தால், (அ) தோற்றாலும் (ஆ) பிழைக்கும். அதற்குச் செலவே இல்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கோத்திருந்தால் இரண்டும் சேர்ந்தே விழும். ஆனால் (அ) விழுந்தால் (ஆ)வில் ‘அந்தக் கெடு’ என்பது அந்தரத்தில் நிற்கும் என்பதைக் கவனித்தீர்களா? ‘விண்ணப்பத்தைச் சரிபார்த்து அனுப்பிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொகை வராவிட்டால்’ என்று (ஆ)வைத் தனியாக நிற்கும்படி எழுதுவதே சரி. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பிரிவையும் தனித்தாளில் எழுதி, மற்றவை இல்லாமலே பொருள் வருகிறதா என்று படித்துப் பாருங்கள்.

வழிமொழிபவர் தேவை என்றால் வேறொரு நிறுவனத்தின் குழுவை இப்போதே அணுகுங்கள். மாநாட்டன்று காலையில் தேடினால் அவரவர் வேலையில் இருப்பார்கள்.

8. பேச்சு

முதலில் கடிகாரம். தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொற்கள். மூன்று நிமிடம் கொடுத்திருந்தால் 270 சொற்களுக்குள் எழுதுங்கள். மேடைக்கு நடந்து போவதும் ஒலிவாங்கியைச் சரிசெய்வதும் பல இடங்களில் உங்கள் நேரத்திலேயே போகும்.

கோரிக்கையை முதல் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடுங்கள். அவையோரை வணங்கி விளித்து, பழமொழி சொல்லி, மெல்ல விஷயத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். நேரம் பாதியில் குறைக்கப்படுவதும் சகஜம். ஆகவே ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு நிமிடப் பதிப்பு ஒன்றையும் தனியாக எழுதிப் பழகுங்கள். நீளமான பேச்சை அந்த இடத்தில் சுருக்க முயன்றால், வெட்டுப்படுவது பெரும்பாலும் கோரிக்கைதான்.

மனப்பாடம் வேண்டாம். ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். கையடக்க அட்டையில் ஐந்து குறிப்பும் எண்களும் போதும்.

9. அவை நடைமுறையைப் பழக்குங்கள்

நல்ல கோரிக்கைகள் நடைமுறை தெரியாததால் தோற்பதுண்டு. குழுவில் அனைவருக்கும் தெரிய வேண்டியவை: திருத்தத்துக்கு முதலில் வாக்கெடுப்பு, பிறகு திருத்தப்பட்ட வடிவில் மூலத் தீர்மானத்துக்கு. இந்த வரிசை புரியாமல் தங்கள் தீர்மானத்துக்கு எதிராகத் தாங்களே கையை உயர்த்திய குழுக்கள் உண்டு. விதி மீறப்படும்போது மட்டும் எழுப்ப வேண்டியது ஒழுங்குப் பிரச்சினை; எதிர்ப்பவரின் கருத்து பிடிக்காததற்கு அது கருவி அல்ல. குறைந்தபட்ச வருகை எண்ணான கோரம் இல்லாமல் எடுத்த முடிவு செல்லாமல் போகலாம். மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வில் இதைக் கவனியுங்கள்.

1876இல் அமெரிக்க ராணுவ அதிகாரி ஹென்றி ராபர்ட் வெளியிட்ட நடைமுறை விதிகளைப் பின்பற்றும் அவை என்றால், திருத்தத்துக்கு ஒரு திருத்தம் வரை அனுமதி உண்டு, மூன்றாம் அடுக்கு கிடையாது. விவாதத்தை முடித்து வாக்கெடுக்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். நாடாளுமன்ற மரபை ஒட்டிய அவைகளில் பொதுவாக, அவைத் தலைவர் ஏற்றால் சாதாரணப் பெரும்பான்மை போதும். உங்கள் மாநாடு எதைப் பின்பற்றுகிறது என்பது முதல் படியில் வாங்கிய விதித்தொகுப்பில் இருக்கும்.

10. ஒத்திகை இரண்டு

முதல் ஒத்திகை மாநாட்டுக்குப் பத்து நாள் முன், இரண்டாவது நான்கு நாள் முன். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். கடைசி நாளில் வைத்தால் கண்ட குறையைத் திருத்த நேரம் இருக்காது, பயம்தான் மிஞ்சும்.

எதிர்த்தரப்பாக உட்காரக் குழுவில் இல்லாதவர்களை அழையுங்கள். நண்பர்கள் தட்டிக்கொடுப்பார்கள், உங்கள் கோரிக்கையோடு உடன்படாத ஆசிரியர் ஒருவர் வந்தால் அந்த ஒரு மணி நேரம் பயன்படும். ஒருவர் பேசும்போது நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள், ஒரு திருத்தத்தைத் திடீரென்று கொண்டுவாருங்கள், பேச்சாளர் வரவில்லை என்று சொல்லி மாற்று உறுப்பினரை எழுப்புங்கள்.

அதிகாரிகளையோ சட்டமன்ற உறுப்பினரையோ தனியாகச் சந்திப்பதானால் அதற்கும் ஒத்திகை வேண்டும். பத்து நிமிடம் கிடைக்கும் என்று எண்ணி ஐந்துக்குத் திட்டமிடுங்கள். போவது மூன்று பேர், பேசுவது ஒருவர், கேட்பது ஒன்று. கையில் கொடுத்துவிட்டு வர ஒற்றைப் பக்கக் குறிப்பு. அதில் தொடர்புக்கு நிறுவனத்தின் முகவரி, மாணவரின் சொந்தக் கைப்பேசி எண் வேண்டாம்.

11. மாநாட்டு நாட்களில்

பதிவு தொடங்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். பெயர்ப் பட்டியலில் எழுத்துப் பிழை இருந்தால் சரிசெய்ய அந்த நேரம் வேண்டும். வாக்கு அட்டை வாங்குவதும் அப்போதுதான்.

எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்று நினைக்காதீர்கள். இணையாக நடக்கும் அமர்வுகளுக்குப் பிரிந்து போங்கள். வாக்கெடுப்பு நேரத்தில் மட்டும் வாக்குரிமை உள்ளவர்கள் கட்டாயம் அவையில் இருக்க வேண்டும். உணவு இடைவேளையில் தங்களுக்குள்ளேயே வட்டம் போட்டுச் சாப்பிடும் குழு, ஆதரவு திரட்டக் கிடைத்த ஒரே நேரத்தை இழக்கிறது.

குறிப்பெடுக்கும் தாளில் நான்கு கட்டம்: யார், என்ன சொன்னார், என்ன வாக்குறுதி, நாம் எப்போது தொடர்புகொள்ள வேண்டும். சொன்ன சொற்களையே எழுதுங்கள். ‘பரிசீலிக்கிறோம்’ என்பதை ‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதிக்கொண்டு வந்தால், பிறகு எழுதும் கடிதம் அவரைக் கோபப்படுத்தும்.

மாலையில் இருபது நிமிடம் கூடுங்கள்: இன்று என்ன மாறியது, நாளை யார் எங்கே. ஆணையின் எல்லையைத் தாண்டும் சமரசம் எதிர்ப்பட்டால், பேரவைத் தலைவரைத் தொலைபேசியில் கேட்ட பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். சமூக வலைத்தளத்தில் போடும் படங்களை ஒருவர் பார்த்து அனுமதிக்கட்டும். முடிவாகாத பேச்சுவார்த்தை அதில் வெளியே போய்விடும்.

12. திரும்பி வந்த பின்

48 மணி நேரத்துக்குள் நன்றிக் கடிதங்கள் போக வேண்டும். அதில் சந்திப்பில் பேசிய ஒரு குறிப்பிட்ட விஷயத்தையும் அவர் சொன்ன அடுத்த நடவடிக்கையையும் எழுதுங்கள். அந்தக் கடிதமே பிறகு காட்டக்கூடிய எழுத்து ஆதாரம்.

ஒரு வாரத்துக்குள் அனுப்பிய பேரவைக்கு அறிக்கை. ஆணையில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் எதிரே என்ன நடந்தது, எப்படி வாக்களித்தோம், ஏன் என்று இரண்டு பக்கத்தில். தோற்றதையும் அதில் எழுத வேண்டும், வாக்கு எண்ணிக்கையோடு. ஐந்து வாக்கில் தோற்ற தீர்மானத்துக்கும் ஐம்பது வாக்கில் தோற்றதற்கும் அடுத்த ஆண்டு செய்ய வேண்டிய வேலை வேறு.

முப்பதாவது நாளில் ஒருவர், பெயர் குறித்து ஒப்படைக்கப்பட்ட ஒருவர், வாக்குறுதி தந்த அலுவலகத்துக்கு மறுபடி எழுத வேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதைக் கோப்பில் சேருங்கள். விதித்தொகுப்பு, ஆணை, குறிப்புகள், தீர்மானத்தின் எல்லா வடிவங்களும், கணக்கு, தொடர்பு விவரங்கள் எல்லாம் ஒரே கோப்பில். அதை நிறுவனத்தின் கணக்கில் வையுங்கள். படித்து முடித்துப் போகும் மாணவரின் சொந்த மின்னஞ்சலில் கிடந்தால் அவரோடே போய்விடும்.